முகம் அறிந்த துணையாளர்

தாடையைச் சரிசெய்வதற்கு முன்னால் பல்வரிசையைக் கெடுத்தாக வேண்டும் என்று தாடை மறுசீரமைப்பு நிலையத்தில் சொன்னபோது அவள் மறுபேச்சுப் பேசவில்லை. முப்பத்தேழு வருடங்களாக அவளுடைய கீழ்த்தாடை மேல்தாடையை விட ஒரு விரற்கடை முன்னால் நின்றது. அந்த விரற்கடையைச் சமாளிக்க மேற்பற்கள் வெளிப்பக்கமும் கீழ்ப்பற்கள் உள்பக்கமும் தாமாகவே சாய்ந்து ஒரு சமரசத்துக்கு வந்திருந்தன. முறைப்படி செய்துகொண்ட சமரசம் இல்லை என்பதால் நிலையம் அதை அங்கீகரிக்கவில்லை. கம்பி கட்டி, மாதம் ஒருமுறை முறுக்கி, பதினெட்டு மாதங்களில் ஒவ்வொரு பல்லையும் அதனதன் சரியான இடத்தில் நிறுத்தினார்கள். இப்போது எல்லாப் பற்களும் சரியான இடத்தில் இருந்தன. ஒன்றையொன்று தொடத்தான் இல்லை. கடைவாயில் இரண்டு மட்டும் எப்போதாவது சந்தித்துக்கொண்டன.

ரொட்டியைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிப் பாலில் ஊறவைத்து விழுங்கக் கற்றுக்கொண்டாள். மற்றவர்கள் எதிரில் கத்தரிக்கோலை எடுப்பது சங்கடமாக இருந்ததால் தனியாகச் சாப்பிட்டாள். அதற்கு முன்பும் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பதால் பெரிய மாற்றம் என்று சொல்ல முடியாது. இனி அறுவை சிகிச்சை ஒன்றுதான் பாக்கி. அது வரும் திங்கட்கிழமை.

தாடை மறுசீரமைப்பு நிலையம் நான்கு மாடிக் கட்டடம். வாசலில், ‘முகத்தைத் திருத்துகிறோம், முறையைத் திருத்துவதில்லை’ என்று பித்தளை எழுத்துகளில் பதித்திருந்தார்கள். உள்ளே வந்ததும் நோயாளி கையில் ஒரு நீல அட்டை கொடுப்பார்கள். அதில் முப்பத்தொரு கட்டங்கள். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு கட்டம், எக்ஸ்ரேக்கு நான்கு கட்டம், ஞானப்பல் பிடுங்கியதற்கு ஒன்று, பல்வரிசையை மாவில் அச்செடுத்ததற்கு ஒன்று. நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் நாற்பத்திரண்டு புகைப்படங்கள் எடுத்ததற்கு ஒரே ஒரு கட்டம். அவளுக்கு ஏற்றுவதற்காக அவளிடமிருந்தே ஒரு பை ரத்தம் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்ததற்கும் ஒரு கட்டம். முப்பது கட்டங்களிலும் முத்திரை விழுந்துவிட்டது. முப்பத்தொன்றாவது கட்டத்துக்காக மூன்றாவது மாடிக்குப் போகச் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனாள்.

அங்கே ‘துணையாளர் பிரிவு’ என்ற பலகைக்குக் கீழே ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் நிமிராமல் கையை நீட்டினார். அவள் நீல அட்டையைக் கொடுத்தாள்.

“துணையாளர் எங்கம்மா?”

“தனியாத்தான் வந்தேன் சார்.”

“வர்றது தனியா வரலாம். அறுக்கிறது தனியா அறுக்க முடியாது. வீட்டுல யாராவது?”

“யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்.”

அதிகாரி அட்டையை மேசையில் வைத்தார். அதன் மேல் ஒரு கண்ணாடிக் குண்டைத் தூக்கி வைத்தார். அட்டை எங்கும் ஓடிவிடவில்லை.

“ஆபரேஷன் முடிஞ்சதும் முகம் பூசணிக்கா மாதிரி வீங்கிடும். வீக்கம் வடிஞ்சா வேற முகம். வாயை ரப்பர் போட்டு இறுக்கிடுவோம், ஆறு வாரம் பேச முடியாது. அப்போ நீங்கதான் நீங்கன்னு யாரு சொல்றது?”

“கையில பட்டை கட்டுவீங்கல்ல சார்? அதுல பேரு, நம்பர் எல்லாம் இருக்குமே.”

“பட்டையில இருக்கிறது யாருன்னு பட்டை சொல்லும். பட்டையைக் கட்டியிருக்கிறது யாருன்னு யாரு சொல்றது?”

அவள் நாற்பத்திரண்டு புகைப்படங்களை நினைவூட்டினாள்.

“அது பழைய முகம். பழைய முகத்தை வச்சுப் புது முகத்தை எப்படிம்மா சரிபாக்கிறது? அதுக்குத்தான் துணையாளர். பழைய முகத்தை அறிஞ்சவரா இருக்கணும். வீட்டுக்கு அனுப்புற பாரத்துல ஒன்பதாவது பத்தி: ‘வெளியே செல்பவர் உள்ளே வந்தவரே.’ அதுல அவரு கையெழுத்துப் போட்டாத்தான் கதவு திறக்கும்.” இந்த இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. “பதினாலு வருஷமா இந்தப் பிரிவு என் பொறுப்புல இருக்கு. துணையாளர் இல்லாம ஒருத்தர் மேலயும் கத்தி பட்டதில்ல. இருநூத்திப் பன்னெண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அந்த இருநூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தருக்காவது ஆபரேஷன்ல சிக்கல் வந்துச்சா? விசாரிச்சுப் பாருங்க. ஒருத்தருக்குக் கூட இல்ல.”

“கொண்டு வரலன்னா சார்?”

“வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் உங்க தேதி உங்களுக்கு. அப்புறம் வரிசையில கடைசி. இப்போ ரெண்டு வருஷம் ஓடுது.”

“அதுவரைக்கும் கம்பி?”

“கம்பி இருக்கும்” என்றார் அதிகாரி ஆறுதலாக. “அதை யாரும் எடுக்க மாட்டாங்க.”

*

அவளுக்கு லிப்ட் கம்பெனியில் வேலை. ஊரில் எந்தக் கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அவளுக்கு வரும். கம்பெனி கிடங்கின் பின்னால், மூன்று தொலைபேசிகளும் ஒரு மின்விசிறியும் உள்ள அறை. மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை மாட்டிக்கொண்டவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் வேலை. ஒன்பது வருடங்களில் எத்தனையோ பேர் இருட்டுப் பெட்டிக்குள் இருந்துகொண்டு அவளிடம் அழுதிருக்கிறார்கள், ஜெபித்திருக்கிறார்கள், மனைவியைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறார்கள். கதவு திறந்ததும் யாரும் திரும்பிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

மெக்கானிக் வேறு கிளையிலிருந்து நேராகப் பழுதான கட்டடத்துக்குப் போகிறவர். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. அவருக்கு இவள் ‘கன்ட்ரோல்’. இவளுக்கு அவர் ‘மெக்கானிக்’.

அன்று மாலை வேலைக்கு நடுவே அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா இருப்பது வேறு ஊர். ரயிலில் ஒரு நாள் தூரம்.

“இன்னும் அந்தக் கிறுக்குத்தனத்தை விடலையாடி நீ?” என்றாள் அக்கா. “அப்பா முகம்டி அது. எனக்கு அம்மா முகம், உனக்கு அப்பா முகம். அதைப் போய் அறுத்து எறியணுங்கிறியே.”

“எறியலக்கா. பின்னால தள்ளி வைக்கிறாங்க, அவ்வளவுதான். என்னால மெல்ல முடியலக்கா.”

“அப்பா மெல்லலையா? எழுபத்தஞ்சு வருஷம் மென்னாரு.”

“ஒரு வாரம் வந்து இருக்க முடியுமா? வியாழக்கிழமைக்குள்ள ஒரு கையெழுத்து. வேற எதுவும் வேண்டாம்.”

மறுமுனையில் அக்கா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

“உங்க அத்தானைப் பத்தித் தெரியாதா உனக்கு? மூக்குல மாட்டியிருக்கிற கண்ணாடியை வீடெல்லாம் தேடுற மனுஷன். அவரை விட்டுட்டு நான் எங்கேன்னு வர்றது? போதாததுக்கு என் முட்டி வேற. நீ ஒண்ணு பண்ணு. எல்லாம் முடிஞ்சதும் ஒரு போட்டோ அனுப்பு. பாத்து வச்சுக்கிறேன், நாளைக்கு வீட்டு வாசல்ல வந்து நின்னா அடையாளம் தெரியணும்ல.”

இரண்டாவது தொலைபேசி அடித்தது. ஏதோ ஒரு அலுவலகத்தின் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் இடையில் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். “அப்புறம் பேசறேன்க்கா” என்று வைத்துவிட்டு, அவரிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் மூன்றாவது மாடி.

“ஒரு சந்தேகம் சார். நானே துணையாளரா இருக்கலாமா?”

கோபத்தில் தட்டிக்கேட்பதாகத்தான் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். வாயிலிருந்து வந்தபோது அது வெறும் கேள்வியாகிவிட்டது. அதிகாரியோ அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“துணையாளர் பதினெட்டு வயசு நிரம்பியிருக்கணும்.”

“முப்பத்தேழு சார்.”

“நோயாளியைக் குறைஞ்சது அஞ்சு வருஷமா அறிஞ்சிருக்கணும்.”

“முப்பத்தேழு சார்.”

“வேற நோயாளிக்குத் துணையா இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில கூடவே தங்கச் சம்மதிக்கணும். நோயாளியோட ஒரே வீட்டுல இருந்தா முன்னுரிமை.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதினாலு வருஷத்துல இவ்வளவு தகுதியோட ஒரு துணையாளரை நான் பாத்ததில்லம்மா. புருஷன் பொண்டாட்டி கூட எல்லாத்துலயும் தேற மாட்டாங்க. துணையாளர் வேற, நோயாளி வேறன்னு விதியில எங்கயும் எழுதலை.”

எழுத யாருக்கும் தோன்றியிருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதிகாரி மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்து அவள் பெயரையே எழுதினார். ‘உறவு முறை’ என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, ‘நெருங்கியவர்’ என்று எழுதிக்கொண்டார். இனி அவளுக்கு இரண்டு கோப்புகள், இரண்டு எண்கள். கிளம்பும்போது அவர் எச்சரித்தார்:

“ரெண்டு அட்டையையும் ஒரே கையில பிடிக்காதீங்க. குழம்பிடும்.”

அன்று பிற்பகல் துணையாளர் பயிற்சி வகுப்பு. ஒரு நீண்ட கூடத்தில் நாற்காலிகள் இரண்டிரண்டாக எதிரெதிரே போட்டிருந்தன. நீல நாற்காலியில் நோயாளி, மஞ்சள் நாற்காலியில் துணையாளர். மற்ற ஜோடிகள் உட்கார்ந்துவிட்டன. ஒரு மனைவி கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒரு தாயும் மகளும் ஏதோ ஒரு பையை யார் மறந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பயிற்சி தந்த நர்ஸ் வருகைப் பதிவேட்டோடு வந்தாள். “உங்க நோயாளி எங்கே?”

“நான்தாங்க.”

“நீங்க துணையாளர் நாற்காலியில இருக்கீங்க. நோயாளி வரலைன்னுதான் நான் போட முடியும்.”

அவள் எழுந்து நீல நாற்காலிக்கு மாறினாள்.

“இப்போ துணையாளர் வரலை” என்றாள் நர்ஸ். “பாருங்க, நான் யாரையும் கஷ்டப்படுத்துறதுக்காகச் சொல்லல. நாற்காலியில ஆள் இருந்தா வந்திருக்காங்க, இல்லைன்னா வரலை. நான் எழுதுறது அவ்வளவுதான்.”

கடைசியில் நர்ஸே பெரிய மனது பண்ணினாள். முதல் அரைமணி நேரம் நோயாளி வந்ததாகவும், பின் அரைமணி நேரம் துணையாளர் வந்ததாகவும் எழுதிக்கொண்டு, இருவருக்கும் பாதி வருகை கொடுத்தாள். இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒன்று என்பதால் தேர்ச்சி.

ஊசியில்லாத சிரிஞ்சில் சத்துமாவுக் கரைசலை உறிஞ்சி, அதன் முனையிலிருந்த ரப்பர் குழாயைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு மெதுவாக அழுத்த வேண்டும். பக்கத்து ஜோடியில் கணவர் கை தவறி மனைவியின் மடியெல்லாம் கொட்டினார். “நாப்பது வருஷமா நான் ஊட்டினேன், ஒருநாள் சிந்தினேனா?” என்று அவள் திட்டினாள், வாய் திறக்கக் கூடாது என்று நர்ஸ் அவளைக் கண்டித்தாள். தனக்குத்தானே செலுத்திக்கொண்ட இவள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அடுத்தது மணிப் பயிற்சி. நோயாளி மணியடித்தால் பத்து விநாடிக்குள் துணையாளர் வந்து நிற்க வேண்டும். நீல நாற்காலியில் உட்கார்ந்து மணியை அடித்தாள், வைத்தாள், எழுந்தாள், சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். ஏழு விநாடி. நர்ஸ் எல்லோரையும் கைதட்டச் சொன்னாள்.

“இப்படி இருக்கணும் துணையாளர்னா” என்றாள் நர்ஸ். “கூப்பிட்ட குரலுக்கு வந்து நிக்கிறாங்க பாருங்க.”

அவள் காலியாகிப்போன நீல நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மணியடித்தவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

*

புதன்கிழமை மனநல ஆலோசகர். பத்து மணிக்கு நோயாளி, பத்தரைக்குத் துணையாளர். இருவரும் சேர்ந்து வரக் கூடாது என்று அட்டையில் அச்சிட்டிருந்தது.

பத்து மணிக்கு ஆலோசகர் கேட்டார்: “துணையாளர் உங்களை நல்லாப் பாத்துக்குவாங்கன்னு நம்புறீங்களா?”

“வேலையெல்லாம் செய்வாங்க” என்றாள். “அதுல குறை இல்ல.”

“வேற எதுல?”

“கண்ணாடியில பாக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்குவாங்க.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது.

ஆலோசகர் எழுதிக்கொண்டார். வெளியே அனுப்பினார். அவள் தாழ்வாரத்துப் பெஞ்சில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, மஞ்சள் அட்டையோடு மறுபடியும் உள்ளே போனாள். அவர் புதிதாய்ப் பார்ப்பவர் போல வணக்கம் சொன்னார்.

“நோயாளியால உங்களுக்குத் தொந்தரவு உண்டா?”

“பெரிசா இல்லங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம்.”

“கடைசியா எப்போ அவங்ககிட்ட மனசு விட்டுப் பேசினீங்க?”

அவள் யோசித்தாள். ஆலோசகர் பேனா மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“பரவாயில்ல, ‘அவ்வப்போது’ன்னு போட்டுக்கிறேன்” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நோயாளி உங்களைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு நான் வெளியில சொல்லக் கூடாது. தொழில் தர்மம். ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். அவங்ககிட்ட இன்னும் கொஞ்சம் அன்பா இருங்க.”

“சரிங்க” என்றாள். ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டு, ‘இருவருக்குமிடையே இணக்கம்: போதுமானது’ என்று முத்திரை குத்தினார்.

*

வியாழக்கிழமை காலை துணையாளரின் உடல் தகுதிப் பரிசோதனை. பெரிய டாக்டரே வந்தார். பின்னால் ஆறு மாணவர்கள். அவளை உட்காரவைத்து, முகத்தை விளக்குப் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொன்னார்.

“என்னப்பா இது! பாருங்க, எல்லாரும் பாருங்க. கீழ்த்தாடை எவ்வளவு முன்னால இருக்கு! ஒரு பல்லாவது கூடுதா? இவங்களால எப்படி ஒருத்தருக்குத் துணையா இருக்க முடியும்? இவங்களுக்கே உடனே ஆபரேஷன் பண்ணணுமே.” மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “யாரும்மா உங்களுக்கு ட்ரீட்மென்ட் பாக்கிறது?”

“நீங்கதான் டாக்டர். பதினெட்டு மாசமா.”

பெரிய டாக்டர் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். கம்பியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“பிரமாதமாப் பண்ணியிருக்கேன்” என்றார்.

‘துணையாளர் தகுதியற்றவர். காரணம்: தாடை. உடனடி அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது’ என்று மஞ்சள் அட்டையில் எழுதினார். பன்னிரண்டு மணிக்கு அவள் அந்த அட்டையோடு அதிகாரி முன்னால் நின்றாள். இந்தத் தடவை அவருக்கே மனசு கேட்கவில்லை. வழி தேடினார்.

“துணையாளருக்கு முதல்ல ஆபரேஷன் பண்ணிட்டா அவங்க தகுதி ஆயிடுவாங்க. அப்புறம் நோயாளிக்குப் பண்ணலாம்.”

“பண்ணுங்க சார். ரெண்டுல எதை முதல்ல பண்ணாலும் எனக்குச் சரிதான்.”

“ஆனா துணையாளருக்கு ஆபரேஷன்னா அவங்களுக்கு ஒரு துணையாளர் வேணும்.” அதிகாரி நீல அட்டையை எடுத்துப் பார்த்தார். “இருக்கிறது நோயாளி ஒருத்தர்தான். அவங்களுக்கும் அதே தாடை.” அவர் கையை விரித்தார். “நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நான் எங்கயும் போக மாட்டேன். சாப்பாட்டுக்கு மட்டும் போவேன்.”

*

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கைபேசியில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வீட்டுக்காரர். எரிவாயு. அக்கா. பல் கம்பிப் பிரிவு. மருந்துக் கடை. ஒன்றரை மணிக்கு அது தானாகவே அடித்தது.

“கன்ட்ரோல், எங்க போய்ட்டீங்க?” மெக்கானிக்கின் குரலில் எரிச்சல். “மூணு நாளா உங்க நாற்காலியில வேற யாரோ இருக்காங்க. லிப்டுக்குள்ள மாட்டினவர்கிட்ட ‘காத்திருங்கள்’னு சொல்லிட்டுப் பாட்டுப் போட்டு விடுறாங்க. நான் போய்க் கதவைத் திறந்தா அந்த மனுஷன் என்னை அடிக்க வர்றாரு.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அது வேறு சத்தமாக வந்தது. மறுமுனையில் மெக்கானிக் பேசாமல் இருந்தார். மாட்டிக்கொண்டவர்கள் பேசும்வரை அவள் பேசாமல் இருப்பாளே, அப்படி. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“அஞ்சு வருஷம் பழகியிருக்கணும், அவ்வளவுதானே?” என்றார் கடைசியில். “நமக்கு ஒன்பது ஆச்சே.”

“நீங்க என்னைப் பாத்ததே இல்லையே.”

“அதை எதுக்கு அவர்கிட்டச் சொல்றீங்க?”

மூன்றே முக்காலுக்கு வந்துவிட்டார். ஆனால் அவளால் பார்க்க முடியவில்லை. அடையாளச் சோதனைக்கு முன்னால் நோயாளியும் துணையாளரும் சந்திப்பது விதிப்படி குற்றம் என்று அதிகாரி அவளை ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். படியேறி வந்த மூச்சிரைப்பும், கருவிப் பையைத் தரையில் வைத்த சத்தமும்தான் கேட்டன.

“பயிற்சியும் ஆலோசனையும் மஞ்சள் அட்டையில ஏற்கெனவே முடிஞ்சிருக்கு, உங்க தாடையும் நேராத்தான் இருக்கு. நோயாளியை எப்படித் தெரியும்?”

“கூட வேலை பாக்கிறவங்க.”

“அத்தாட்சி?”

காகிதங்கள் புரளும் சத்தம். கம்பெனியின் அழைப்புப் பதிவேட்டை எடுத்து வந்திருக்கிறார் போலிருக்கிறது.

“நாலாயிரத்து நூத்திப் பதினாறு தடவை பேசியிருக்கீங்க” என்றார் அதிகாரி, மரியாதை கூடிய குரலில். “நான் என் வீட்டுல இவ்வளவு பேசினதில்ல. எதைப் பத்தி?”

“லிப்ட் பத்தி.”

“எல்லாமுமா?”

“ஒரு தடவை மழை பத்திப் பேசினோம்.”

“உறவு முறை?”

“கன்ட்ரோல்” என்றார் மெக்கானிக். அதிகாரி என்ன எழுதினாரோ தெரியாது. பேனா ஓடும் சத்தம் கேட்டது.

“இந்தத் தாள்ல எட்டு முகம் இருக்கு. இதுல நோயாளி யாரு? தயங்கக் கூடாது. தயங்கினா அறியாதவர்னு அர்த்தம்.”

திரைக்குப் பின்னால் அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

“இவங்க” என்றார் மெக்கானிக்.

“உறுதியா?”

“உறுதியா.”

அதிகாரி வட்டம் போட்டார். அவளைத் திரைக்கு வெளியே கூப்பிட்டார். மெக்கானிக்கை அதற்குள் வெளித் தாழ்வாரத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார். ‘சரியாக அடையாளம் காட்டப்பட்டேன்’ என்ற வரிக்குக் கீழே நோயாளி ஒப்பமிட வேண்டும். அவள் தாளைப் பார்த்தாள். மேல் வரிசையில் மூன்றாவதாக அவள் இருந்தாள். வட்டம் கீழ் வரிசையின் தொடக்கத்தில், ஐந்தாவது படத்தைச் சுற்றி இருந்தது. அது யாரோ ஒரு பெண். பெரிய கண்கள், கச்சிதமான மோவாய். சிரிக்கப் போகிறவள் போல இருந்தாள்.

அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முத்திரையில் மை இருக்கிறதா என்று பார்த்தார். நான்கு நாட்களாக எதிரில் நிற்கும் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தவறு திருத்தப்பட்டுவிடும். அப்புறம் இரண்டு வருடம், கம்பி, கத்தரிக்கோல். மணி மூன்று ஐம்பத்தாறு.

கையெழுத்துப் போட்டாள்.

முப்பத்தொன்றாவது கட்டத்தில் முத்திரை விழுந்தது. “பாத்தீங்களாம்மா?” என்றார் அதிகாரி நெகிழ்ந்துபோய். “முறைன்னு ஒண்ணு இருந்தா யாரும் அனாதை இல்ல.”

தாழ்வாரக் கோடியில், ஜன்னலை ஒட்டி, நீலச் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர். காதோரம் நரை, நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. அவள் நெருங்கியபோதும் அவருக்குத் தெரியவில்லை. நர்ஸுக்கோ நோயாளிக்கோ வழி விடுவது போல ஒதுங்கி நின்றார்.

“மெக்கானிக்” என்றாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “கன்ட்ரோல்! சரியாச் சொல்லிட்டேனா?”

“இல்ல. நான் மேல் வரிசையில மூணாவது.”

“ஐயையோ. அப்போ அந்த அஞ்சாவது யாரு?”

“தெரியல.”

“அவரு சரின்னுட்டாரே!”

“அவருக்கும் தெரியாது.”

மெக்கானிக் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் கேட்டிருக்க வேண்டாம். இருந்தும் கேட்டாள்.

“ஏன் அவங்களைச் சொன்னீங்க?”

“உங்க குரலுக்கு...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். காதைச் சொறிந்துகொண்டார். “ஒன்பது வருஷமா அப்படித்தான் இருப்பீங்கன்னு நானா நெனச்சிட்டிருக்கேன்.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. எங்கோ இருக்கிற அவளுக்கு, தன் முகத்தை ஒருவர் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தது தெரியாது. இங்கே நிற்கிற இவளை அப்படி நினைக்க யாரும் இருந்ததில்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

“கையெழுத்துக்கு ரொம்ப நன்றிங்க” என்றாள். “நீங்க திங்கக்கிழமை வரணும்னு இல்ல. கட்டம் நிறைஞ்சுபோச்சு.”

“அப்புறம் வீட்டுக்கு அனுப்புறப்ப? அந்த ஒன்பதாவது பத்தியில யாரு கையெழுத்துப் போடுறது? நான்தானே?” அவர் குரல், பழுதான லிப்டைப் பற்றிப் பேசும்போது வருகிற குரலாக மாறியிருந்தது. “உள்ள போனவங்கதான் வெளியில வர்றாங்கன்னு நான் சொல்லணும். தெரியாம எப்படிச் சொல்றது? இன்னொரு தடவை நான் தப்பாச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க.”

அவள் அசையவில்லை.

“அந்தப் பக்கமாத் திரும்புங்க. பக்கவாட்டுல.”

கேமராவுக்கு முன்னால் தவிர அவள் யாருக்கும் பக்கவாட்டில் திரும்பி நின்றதில்லை. திரும்பினாள். மெக்கானிக் ஓர் அடி பின்வாங்கித் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நெற்றியிலிருந்து மூக்கு, மூக்கிலிருந்து உதடு, அப்புறம் அந்த ஒரு விரற்கடை. அழகாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வரைபடம் கிடைக்காத பழைய இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் எது எங்கே இருக்கிறது என்று மனதில் ஏற்றிக்கொள்கிறவரைப் போல நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போதுமா?” என்றாள், உதட்டை அதிகம் அசைக்காமல்.

“இருங்க. அவசரப்படுத்தாதீங்க” என்றார். இன்னும் சிறிது நேரம் போனது. “சரி. இப்போ இந்தப் பக்கம்.”

அவள் இந்தப் பக்கமும் திரும்பினாள்.